கவ்வாத்துச்சாமி முன்னால் ஒரு மெகசின்

1. நாலாவது பெஞ்ச்

அன்று காலை நான் இன்னும் விசிலை வாயில் வைக்கவே இல்லை. ஷூட்டிங் ரேஞ்சில் முதல் வெடி கேட்பதற்கு முன்னால் ரேஞ்ச் ஆபீசர் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ப் பார்க்க வேண்டும். ரைபிளின் போல்ட் திறந்திருக்கிறதா, சேம்பரில் மஞ்சள் கொடி செருகியிருக்கிறதா, தோட்டாவை, எங்கள் பேச்சில் ரவையை, அடைக்கிற மெகசினைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறார்களா, அது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கள் ரேஞ்சில் அந்த ரேஞ்ச் ஆபீசர் நான்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிற சின்ன ரைபிள் கிளப் அது. பக்கத்துத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பெண்பிள்ளை துப்பாக்கிக்காரர்களுக்கு விசில் ஊதுகிறாள் என்பதை ஊர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சக் காலம் எடுத்தது. எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அதட்டுவது எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று அம்மா சொல்வாள்.

நாலாவது பெஞ்சில் நிஷாந்த நின்றார். கொழும்பிலிருந்து வருகிறவர். தேசிய அணித் தெரிவுக்காக மாதக்கணக்கில் எங்களிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் அவசரம். அவருடைய பொயின்ட் டூ டூ ரைபிளுக்கு மெகசின் இரண்டு உண்டு. பெஞ்சில் ஒன்றுதான் இருந்தது.

“மற்றது எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டேன். அவரோடு பேசுவது சிங்களத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“ஹோட்டலில் விட்டிருப்பேன் மிஸ்.”

“காலியா, லோட் பண்ணினதா?”

அவர் ஜாக்கெட்டின் வெளிப்பையைத் தடவினார். பிறகு மற்றப் பையைத் தடவினார். பதிலை அவர் முகமே சொல்லிவிட்டது. இங்கே வந்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ஹோட்டலிலேயே ரவை போட்டு, மெகசினை ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பெரிய பாதையில் சேறு என்று காரை மேலே நிறுத்திவிட்டு, தேயிலைக்குள் போகிற குறுக்குப் பாதையில் குதித்துக் குதித்து இறங்கியிருக்கிறார்.

நான் விசிலை ஊதினேன். ஒரு வெடிகூட வெடிக்காமலே ரேஞ்ச் அன்று நின்றது.

2. கழன்றதும் துப்பாக்கிதான்

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துப்பாக்கி என்றால் எல்லோரும் குழாயைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். என்னைக் கேட்டால் அதிலிருந்து கழன்று விழுகிற சாமான்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பேன். ஸ்கோப் கழன்று விழும். தோள் வார் கழன்று விழும். குறி பார்க்கிற சைட்டின் திருகாணி எகிறிப் போய்ப் புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். உடனே ஒருவர் “ஐயோ என் சைட்” என்று ஃபயரிங் லைனைத் தாண்டிக் குனிவார். பக்கத்தில் இருக்கிறவர் ரைபிளுக்குக் கண்ணைக் கொடுத்தபடி படுத்திருப்பார்.

அதனால் எங்கள் விதி இப்படி. என்ன விழுந்தாலும், அது தங்கமாகவே இருந்தாலும், குனியக் கூடாது. கையைத் தூக்க வேண்டும். நான் ‘சீஸ் ஃபயர்’ சொல்வேன். எல்லா ரைபிளும் அன்லோட் ஆக வேண்டும், போல்ட் திறக்க வேண்டும், கொடி செருக வேண்டும், ஆட்கள் பெஞ்சை விட்டுப் பின்னால் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ‘ரேஞ்ச் கோல்ட்’, ரேஞ்ச் குளிர்ந்துவிட்டது, இனி முன்னால் போகலாம் என்று அர்த்தம். வந்த புதிதில், நுவரெலியாப் பக்கத்தில் ரேஞ்ச் எப்போதுதான் கோல்டாக இல்லை என்று நானே சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் கோயில் மணி அடித்த மாதிரி நிமிர்ந்து நிற்பேன்.

மெகசின் விழுந்தால் இன்னும் ஒரு விதி உண்டு. அது காலி என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பக் கூடாது. ரவை இருப்பதாகவே நினைத்து அதை எடுக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புத் தகரம் அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அது ரைபிளில் மாட்டியிருக்கும்போது சுடுகிறவரும் ரேஞ்ச் ஆபீசரும் அதற்குக் காவல். கழன்று புல்லில் கிடக்கும்போது அதற்குச் சொந்தக்காரனும் இல்லை, காவலும் இல்லை. யாருடைய கைக்கும் போகலாம். இத்தனை வருட வேலைக்குப் பிறகும் அந்தச் சின்னச் சாமானை நினைத்து எனக்கு வியப்புத்தான்.

3. மேஜர் சேர் சொன்னதும் நான் சொன்னதும்

கிளப்பின் செயலாளர் ஓய்வுபெற்ற மேஜர். நேர்மையான ஆள், கோபக்காரர் இல்லை. நிஷாந்த சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொலிஸுக்குச் சொல்லியாக வேண்டும், புவனா.”

“கட்டாயம் சொல்லணும் சேர்.”

“லயங்களையும் தேடச் சொல்ல வேண்டும். பாதையில் போகிறவர்கள் தோட்டத்து ஆட்கள்தான். யாராவது எடுத்திருப்பார்கள்.”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னார். ஆனால் எங்கள் லயங்களில் பொலிஸ் தேடுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. யுத்த நேரத்துச் சுற்றிவளைப்புக் காலத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பழைய டோர்ச் பட்டறியும் நாலு முழம் வயரும் இருந்ததற்காக அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். வயர் ரேடியோவுக்கு. அதை அவர் எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. திரும்பி வந்த பிறகு அவர் ரேடியோ கேட்டதே இல்லை. வயருக்கே அந்தப் பாடு என்றால், உயிருள்ள ரவை ஒரு தமிழ் லயத்தில் கிடைத்தால் எடுத்தவனின் கதி என்ன? காலம் மாறிவிட்டதுதான். ஆனால் காலம் மாறியது எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடாது.

“சேர், பொலிஸுக்கு இப்பவே கோல் எடுங்க,” என்றேன். “ஒளிக்கச் சொல்லல. ஆனா சாமான் விழுந்தது பாதையில. விழுந்த இடத்துல இருந்துதான் தேடணும். அவங்க வர்றதுக்குள்ள நாங்க பாதையைப் பார்ப்போம். லயத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மேஜர் சேர் என்னைப் பார்த்தார். ரேஞ்சுக்குள் என் சொல்தான் சட்டம், ரேஞ்சுக்கு வெளியே அவர் சொல். பாதை வெளியேதான் இருந்தது.

“சரி,” என்று போனை எடுத்தார். “நீ நட. நானும் வருகிறேன்.”

ரவை எடுத்து வைக்கிற சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

4. நெரை

குறுக்குப் பாதைக்கு இரண்டு பக்கமும் தேயிலை. கீழ்ப்பக்கம் கொழுந்து எடுக்கிற மலை. மேல்பக்கத்து மலையில் அன்றுதான் கவ்வாத்துத் தொடங்க இருந்தது. கவ்வாத்து என்றால் முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவது. ஆண்கள் வேலை. கத்தி கொஞ்சம் சறுக்கினால் காலே போய்விடும்.

கீழ்மலையில் கங்காணி ராமலிங்கம் அண்ணன் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் இருண்டது. அவரும் அந்தப் பழைய காலத்தைப் பார்த்தவர்.

“பழி எங்க புள்ளைங்க மேல வந்து விழுமா புவனா?”

“அது விழக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேண்ணே. கெடைச்சா போதும். ஆனா யாரும் தொடக் கூடாது. பார்த்தா அங்கனயே நின்னு சத்தம் போடச் சொல்லுங்க.”

அவர் கொழுந்துப் பெண்களைப் பார்த்து ஒரே ஒரு குரல் கொடுத்தார். அவர்கள் பாதையின் இரு பக்கமும் நெரை பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு வரிசை. கொழுந்து எடுக்கும்போது செடியின் தலையைப் பார்ப்பார்கள், இப்போது அடியைப் பார்த்தபடி வந்தார்கள். ஒருத்தி ஒரு செடி முன்னால் போகவில்லை, ஒருத்தி பின்தங்கவில்லை. மிலாறுச் சுள்ளியையும் இலையையும் கையால் கிளறாமல், குச்சியால் மெல்ல ஒதுக்கினார்கள். தொடாதே என்று நான் ஒரு தரம்தான் சொன்னேன். பெஞ்சில் நிற்கிறவர்களுக்கு நான் அதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. நிஷாந்தவும் மேஜர் சேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் அம்மாவும் இப்படி நெரையில் நடந்தவள்தான். அந்த நடையின் அழகு அன்றுதான் என் கண்ணில் பட்டது.

பாதை முடிந்தது. மெகசின் கிடைக்கவில்லை.

கடைசி நெரையில் வந்த ஒரு அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தபடி சொன்னாள். “காலையில பேரு பதியிற பெரட்டு முடிஞ்சு நாங்க மலைக்கு வர்றப்ப, கவ்வாத்து வெட்டுற சிவனு அண்ணன் இந்தத் தண்ணிக் கானுக்கிட்ட குனிஞ்சு எதையோ எடுத்தாரு. துண்டை விரிச்சு ரெண்டு கையில ஏந்திக்கிட்டுப் போனாரு. நான் ஏதோ குருவிக் குஞ்சுன்னு நெனைச்சேன்.”

“எங்க போனாரு?”

அவள் மேல்மலையைக் காட்டினாள். “கவ்வாத்துச்சாமிக்கு.”

5. சூடம்

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஒரு மலையில் கவ்வாத்துத் தொடங்குகிற நாளில், வெட்டுகிற ஆட்கள் முதலில் கவ்வாத்துச்சாமியைக் கும்பிடுவார்கள். சாமி என்றால் ஒரு மரத்தடியில் நட்டு வைத்த கல். எல்லோருடைய கத்தியையும் தீட்டிக் கழுவி அந்தக் கல் முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்துவார்கள். சாமி தொட்டுக் கொடுத்த பிறகுதான் கத்தி ஆளின் கைக்கு வரும். அதற்கு முன்னால் அது யாருடைய கத்தியும் இல்லை.

நாங்கள் மேலே ஏறிப் போனபோது மூடுபனி இறங்கியிருந்தது. ஆட்கள் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பி நின்றார்கள். கல்லுக்கு முன்னால் கத்திகள் வரிசையாக இருந்தன. வரிசையின் ஓரத்தில், ஒரு வெற்றிலையின் மேல், எங்கள் மெகசின். அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு. அதற்கும் ஒரு செவ்வந்திப் பூ. மேல்வாயில் ஒரு ரவையின் மூக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

அப்போதுதான் சிவனு அண்ணன் தட்டில் இருந்த சூடத்தைக் கொளுத்திக் கல்லின் முன் வைத்தார்.

எனக்குப் பயம் பாதி, இன்னொன்று பாதி. அந்த இன்னொன்றுக்கு நான் படித்த கோர்ஸில் பெயர் இல்லை. நாங்கள் பூட்டுப் போட்டு, பதிந்து, எண்ணி வைக்கிற சாமானை, அது இன்னதென்றே தெரியாத ஒரு மனுஷன் இவ்வளவு மரியாதையாக வைத்திருந்தார்.

ரவையும் நெருப்பும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துப்பாக்கிக்குள் இல்லாத ரவை சூட்டில் வெடித்தால் குண்டு தூரம் பாயாது, ஆனால் அதன் பித்தளைக் கோது சிதறும், கண்ணைக் கெடுக்கும். தட்டு மெகசினுக்கு ஒரு முழம் தள்ளியிருந்தது. கீழே ஈர மண், காய்ந்த சருகு இல்லை. சூடு அங்கே எட்டாது என்று கணக்குச் சொன்னது. ஆனால் என் வேலையில் எட்டாது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க முடியாது. ஓடிப் போய் எடுக்கவும் கூடாது.

“அண்ணே,” என்றேன், குரலை உயர்த்தாமல். “அந்த ஓரத்துல வச்சிருக்கிறது துப்பாக்கிச் சாமான். உள்ள ரவை இருக்கு. எல்லாரும் மெதுவா பின்னுக்கு வாங்க. ஓட வேணாம்.”

யாரோ ஒருவர் “முருகா” என்றார். சிவனு அண்ணன் மட்டும் அசையவில்லை.

“சூடத்தை அணைக்கவா சொல்றீங்க மிஸ்? சாமிக்கு ஏத்துனதை ஊதி அணைக்கக் கூடாதுங்களே.”

“அணைக்க வேணாம்ணே. எரிஞ்சு முடியட்டும். சாமி அங்கனயே இருப்பாரு. நாம மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கும்பிடுவோம்.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்தார். அத்தனை பேரும் அப்படியே வந்தார்கள். ஒரு தள்ளுமுள்ளு இல்லை. மேட்டுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம், மேஜர் சேர், நிஷாந்த, கவ்வாத்துக்காரர்கள், நான். மூடுபனிக்குள் அந்தச் சின்ன நெருப்பு மட்டும் தெரிந்தது. என் விசிலுக்கு அடங்கிய எந்த ஃபயரிங் லைனிலும் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

சூடம் எரிந்து அடங்கியது. தட்டு ஆறும்வரை இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நான் மட்டும் போனேன். கும்பிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மெகசினைப் பக்கவாட்டில் பிடித்து, வாயை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, ரவைகளை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தள்ளிச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். நிஷாந்த எத்தனை போட்டேன் என்று சொன்னாரோ அத்தனையும் இருந்தன.

6. சார்ஜன்டின் கேள்வி

பொலிஸ் ஜீப் பாதையில் நின்றது. ஒரு சார்ஜன்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஏறி வந்தார்கள். சார்ஜன்டுக்கு நடு வயது, ஏறியதில் மூச்சு வாங்கியது. நான் நடந்ததைச் சொல்லிப் பெட்டியைக் காட்டினேன்.

“யார் எடுத்தது?”

கூட்டம் இறுகியது. ராமலிங்கம் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வாயைத் திறக்குமுன் சிவனு அண்ணன் முன்னால் வந்து, “நாந்தாங்க எடுத்தேன்,” என்றார்.

சார்ஜன்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ரேஞ்ச் கேட் இதோ இருக்கிறது. ஏன் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை? இங்கே ஏன் கொண்டு வந்தாய்?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். இந்த ஒரு பதிலில் அவர் வீட்டுக்குப் போவதா, ஜீப்பில் ஏறுவதா என்பது இருந்தது.

சிவனு அண்ணன் அவசரப்படவில்லை. “வீட்டுக்குக் கொண்டு போனா அது என் சாமானாயிரும். கையில வச்சுக்கிட்டு நின்னா நான் கள்ளனாயிருவேன். ஒங்க கேட்டுல சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் ஏதோ செவப்புல எழுதியிருக்கு, மண்டை ஓடு போட்டிருக்கு. அங்க வந்து தட்டுனா, எங்க எடுத்தேன், யாரு கொடுத்தான்னுதான் கேப்பாங்க. இரும்புச் சாமான், காலடியில கெடந்துச்சு, யாராச்சும் மிதிச்சிருவாங்க. சாமிகிட்ட வச்சா அது யாரோடதும் இல்ல. தேடி வர்றவங்க வந்து எடுத்துக்குவாங்க. நீங்க தேடி வந்தீங்கள்ல?”

நான் ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். மண்டை ஓட்டையும் விடவில்லை. மேஜர் சேர் தரையைப் பார்த்தார்.

சார்ஜன்ட் பெட்டிக்குள் இருந்த மெகசினை எட்டிப் பார்த்தார். அதில் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. பிறகு கல்லைப் பார்த்தார், கத்தி வரிசையைப் பார்த்தார். தான் சப்பாத்தோடு எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நாலடி பின்னால் வந்து, தொப்பியைக் கழற்றினார். கான்ஸ்டபிள்களும் பின்னால் வந்தார்கள்.

“இது யாருடையது?” என்று கேட்டார்.

“என்னுடையது சேர்,” என்றார் நிஷாந்த. அந்த மனுஷனை நான் அன்று மதித்தேன்.

“லைசன்ஸ் வைத்திருப்பவர் நீங்கள்தானே? அப்படியானால் ஸ்டேஷனுக்கு நீங்கள் வாருங்கள். இவர் வேலை செய்யட்டும்.”

விசாரணை முடியும்வரை நிஷாந்தவின் லைசன்ஸை நிறுத்தி வைத்தார்கள். அந்த வருடத் தெரிவுக்கு அவரால் போக முடியவில்லை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை, அடுத்த வருடம் மறுபடி வந்தார். இப்போது அவருடைய ஜாக்கெட்டில் வெளிப்பை இல்லை, தைத்து மூடிவிட்டார்.

சிவனு அண்ணன் ராமலிங்கம் அண்ணனிடம் கேட்ட கேள்வி வேறு. “கங்காணி, நேரம் போயிருச்சு. அரைநாள் கூலின்னு அரைப்பேரு போட்டுருவாங்களா?” நான் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. மேஜர் சேர் அங்கே நின்றபடியே தோட்டத்துத் துரைக்குப் போன் செய்து, முழுப்பேர் போட வேண்டும் என்று சொன்னார்.

7. கேட்

அடுத்த வாரமே மேஜர் சேர் மண்டை ஓட்டை இறக்கச் சொன்னார். தமிழில் ஒரு போர்டு எழுத வைத்தோம். ‘எதையாவது கண்டால் தொடாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள், கேள்வி கேட்க மாட்டோம்’ என்று. எழுதியதும் பெருமையாக இருந்தது. சிவனு அண்ணனைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டை நிதானமாகப் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கேட்டு பூட்டியிருக்கே?”

“சுடுற நேரம் பூட்டித்தான் ஆகணும்ணே.”

“அப்ப கேட்டுக்கிட்ட ஒரு ஆளை வைங்க மிஸ். போர்டுகிட்டப் போயி எப்படிச் சொல்றது?”

வைத்தோம். எங்கள் தோட்டத்து ஆள்தான், இரண்டு பாஷையும் பேசுவார். சுடுகிற நாட்களில் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். “மிஸ், கானுக்குள்ள ஒண்ணு கெடக்கு, தொடல.” நான் சீஸ் ஃபயர் சொல்லி, ரேஞ்சைக் கோல்ட் ஆக்கி, புதிதாகச் சேர்ந்த இன்னொரு ரேஞ்ச் ஆபீசரிடம் ஒப்படைத்துவிட்டு, சிவப்புப் பெட்டியோடு போவேன். ஒரு தரம் ஸ்கோப்பின் மூடி. ஒரு தரம் தோள் வாரின் கொக்கி. மற்றபடி பிரஷர் குக்கர் வெயிட், சைக்கிள் மணி, ஸ்பானர் என்று மலையில் உள்ள இரும்பெல்லாம் எனக்குத்தான்.

போன மாதம் கடும் மழையில் ஒரு கொழுந்துக்கார அக்கா ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தால், அவள் ஒரு செடியடியில் காவல் நிற்கிறாள். பக்கத்து நெரைக்காரி முன்னால் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தன் கொழுந்துக் கணக்கு குறைகிறது என்று தெரிந்தும் அவள் நகரவில்லை. யாரும் மிதித்துவிடாமல் சுற்றி நாலு குச்சி நட்டிருந்தாள்.

“கறுப்பா இருக்கு மிஸ். வளைஞ்சிருக்கு. எனக்கென்னமோ பயமா இருந்துச்சு.”

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தேன். குடைக் கைப்பிடி. அதை விதிப்படி எடுத்து, பெட்டியில் வைத்து மூடினேன்.

“நல்ல வேலை செஞ்சீங்கக்கா. இதே மாதிரித்தான் செய்யணும்,” என்றேன்.

நான் சிரிக்கவில்லை. இந்த வேலையில் நான் கற்றது அதுதான். ஒரு குடைக் கைப்பிடிக்குச் சிரித்தால், உண்மையான மெகசினைக் கண்ட நாளில் அவள் கேட்டுக்கு வர மாட்டாள்.